பத்திரம், பத்திரம்!

வீட்டில் நிலம் வாங்கும் பேச்சு எழுந்தால், பெண்களாகிய நமக்கு என்னென்ன வேலை ஒதுக்கப்படுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? புரோக்கர் வந்தால் காப்பி போட வேண்டும். அட்வான்ஸ் பணத்தில் துண்டு விழுந்தால் கழுத்தில் கிடப்பதைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூப்பிட்டால் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போய், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "உனக்கெதுக்கு அதெல்லாம்? வக்கீல் பாத்துக்குவாரு" என்று பதில் வரும்.

அந்த வக்கீல்களில் நானும் ஒருத்தி. கொங்கு நாட்டுத் தாலுகா ஊர் ஒன்றில் இருபது வருஷங்களுக்கு மேலாகத் தொழில் செய்கிறேன். என்னிடம் வருகிற காகிதக் கட்டுகளில் பாதிக்கு மேல் கிராமத்து நிலம் சம்பந்தப்பட்டவைதான். ஒரு கட்டைப் பிரித்ததும் வக்கீல் எதைப் பார்க்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்பதை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். நீங்கள் சட்டம் படிக்க வேண்டாம். வக்கீல் கேட்க மறந்ததை நீங்கள் கேட்டால் போதும்.

நிலத்துக்கு முன்னால் குடும்பம்

பட்டணத்து ஃபிளாட்டுக்கும் கிராமத்து நிலத்துக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஃபிளாட்டைக் கட்டி விற்பவர் பெரும்பாலும் ஒருவர்தான். கிராமத்து நிலமோ தாத்தா, அப்பா, பிள்ளைகள் என்று கை மாறி வந்திருக்கும். பாகம் பிரித்தது பாதி வாய்ப்பேச்சாகவே இருக்கும். ஆகவே நான் முதலில் எடுப்பது பத்திரத்தை அல்ல, ஒரு வெள்ளைக் காகிதத்தை. அதில் விற்பவரின் குடும்பத்தை மரம் போல வரைந்துகொள்வேன். யாருக்கு எத்தனை பிள்ளைகள், யார் இருக்கிறார்கள், யார் காலமாகி விட்டார்கள், அவர்களுக்கு யார் வாரிசு என்று எழுதுவேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தம்பதி வந்தார்கள். பனியன் கம்பெனியில் இருவரும் வேலை செய்து, சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். ஊருக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் புஞ்சை விலைக்கு வந்திருந்தது. விற்பவர்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். அவர்களுடைய தகப்பனார் 1968-ல் சொந்தப் பணத்தில் வாங்கிய நிலம். மூலப்பத்திரம் இருந்தது. பட்டா மூன்று பேர் பெயரிலும் இருந்தது. வில்லங்கச் சான்றில் ஒரு கறை கூட இல்லை.

"உங்க கூடப் பொறந்த அக்கா, தங்கச்சி யாருங்க?" என்று கேட்டேன்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் மெதுவாக, "ரெண்டு பேருங்க. கட்டிக் குடுத்தாச்சுங்க. சீரெல்லாம் செஞ்சாச்சுங்க" என்றார்.

மூத்தவள் தாராபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இளையவள் இறந்துபோய்விட்டாள். அவளுக்குப் புருஷன், பதினெட்டு நிறைந்த ஒரு பெண், பதினாலு வயசில் ஒரு பையன்.

இங்கேதான் கணக்கைக் கவனியுங்கள். தகப்பனார் உயில் எழுதாமல் 1997-ல் காலமானார். தாயார் அதற்கு முன்பே போய்விட்டார். 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஒரு ஆண் தானாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லாருக்கும் சம பங்கு. ஆகவே இந்த ஒன்றரை ஏக்கர், அதாவது 150 சென்ட், அஞ்சு பிள்ளைகளுக்குத் தலைக்கு 30 சென்ட். செத்துப்போன தங்கையின் 30 சென்ட் அவள் புருஷனுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் தலைக்கு 10 சென்ட். அண்ணன் தம்பி மூவரும் சேர்ந்து விற்கக்கூடியது 90 சென்ட்தான்! மீதி 60 சென்டை அவர்கள் எழுதிக் கொடுத்தாலும் அது வாங்குகிறவரைச் சேராது.

"சீர் செஞ்சாச்சே?" என்று நீங்களும் கேட்பீர்கள். சீர் வேறு, பங்கு வேறு. நூறு பவுன் போட்டு அனுப்பியிருந்தாலும் பெண்ணின் சொத்துரிமை அதனால் அழிவதில்லை. அவளே மனசறிந்து எழுதிப் பதிவு செய்து கொடுத்தால்தான் அது கை மாறும்.

பூர்வீகச் சொத்தானால் என்ன?

மேலே சொன்னது அப்பா சம்பாதித்த சொத்து. பாட்டன் வழிப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு வந்த கதை வேறு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குக் கல்யாணம் ஆகாமலிருந்த பெண்களுக்கு மகனுக்குச் சமமான உரிமை கிடைத்தது. பிறகு மத்திய அரசின் திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் வந்தது. கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேதம் நீங்கியது. அப்போதும், "அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா?" என்று கோர்ட்டுகளில் வாதம் ஓடிக்கொண்டே இருந்தது. வேண்டியதில்லை, மகளுக்கு உரிமை பிறப்பாலேயே வருகிறது என்று சுப்ரீம் கோர்ட் 2020 ஆகஸ்டில் முடிவு சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் முறைப்படி பாகம் பிரித்ததையும் விற்றதையும் மட்டும் இதை வைத்துக் கிளற முடியாது.

இதெல்லாம் இந்துக் குடும்பங்களுக்கு. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசு முறை வேறு. ஆனால் எல்லா முறையிலும் மகளுக்கு ஏதோ ஒரு பங்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம். தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் பெயர்கள் இருக்கும். யாருக்கு எவ்வளவு என்று அது சொல்லாது.

சாட்சிக் கையெழுத்தா, விடுதலையா?

அக்காள் கையெழுத்து வேண்டும் என்று நான் சொன்னதும், அடுத்த வாரமே அவளை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கையோடு ஒரு பத்திரமும் தயார். "சாட்சிக் கையெழுத்துன்னு கூட்டியாந்தாங்க" என்றாள் அந்த அம்மாள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். நான் வாங்கிப் பார்த்தேன். அது விடுதலைப் பத்திரம். அதாவது, 'இந்தச் சொத்தில் எனக்கு இனிமேல் எந்த உரிமையும் இல்லை' என்று எழுதிக் கொடுப்பது.

வரிவரியாக உரக்கப் படித்துக் காட்டினேன். முடிந்ததும் அந்த அம்மாள் கேட்டாள்: "அப்ப, எங்கப்பன் பூமியில எனக்கு ஒண்ணுமில்லேன்னு நானே எழுதிக் குடுக்கறனுங்களா?"

"ஆமாங்க, அப்படித்தான் எழுதியிருக்குது. ஆனா ஒண்ணு. நான் வாங்கறவங்களுக்கு வக்கீல், உங்களுக்கு வக்கீல் இல்லீங்க. நீங்க வேற ஒருத்தரைக் கேட்டுப்போட்டு அப்புறமா முடிவு பண்ணுங்க" என்றேன்.

என் கட்சிக்காரருக்கு அப்போது என் மேல் கோபம்தான். "உள்ளதைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துட்டீங்களே" என்றார். அவர் மனைவிதான், "இருங்க, அவங்க சொல்றது சரிதான்" என்று அடக்கினாள். காரணம் இருக்கிறது. படிப்பறிவில்லாத பெண்ணிடம் எழுதி வாங்கிய பத்திரம் கோர்ட்டுக்குப் போனால், அவள் விஷயம் புரிந்துதான் எழுதிக் கொடுத்தாள் என்பதை எழுதி வாங்கியவர்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். இதைக் கோர்ட்டுகள் பல தடவை சொல்லியிருக்கின்றன. படித்துக் காட்டாமல் வாங்கும் கையெழுத்து, வாங்குகிறவருக்கே வினை.

விற்பவர், வாங்குபவர் இரண்டு பக்கத்துக்கும் ஒரே வக்கீல் என்பது கிராமங்களில் சகஜம். செலவு மிச்சம் என்று நினைக்கிறார்கள். சிக்கல் வரும்போது அந்த வக்கீல் யாருக்காகப் பேசுவார்? அவர் உங்கள் வக்கீலா, எதிர்க் கட்சிக்கு உறவா, கமிஷனில் பங்கா என்று கேட்பதில் தப்பே இல்லை. எதிர்க் கட்சியோடு தொடர்பு இருந்தால் தன் கட்சிக்காரரிடம் முன்கூட்டியே சொல்வது வக்கீலின் கடமை.

தனி வக்கீலுக்குப் பணம் ஏது என்கிறீர்களா? 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள் எல்லாருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட்டுகளில் இதற்கென்று சட்டப் பணிகள் குழு இருக்கிறது. தாராபுரத்து அம்மாள் அங்கேதான் போய்க் கேட்டாள். திரும்பி வந்து, "வித்துக்கறதுக்குச் சம்மதம். ஆனா என்னோட 30 சென்ட் பணம் என் பேங்க் கணக்குல வரோணும்" என்றாள். விடுதலைப் பத்திரம் கிழிந்தது. கிரயப் பத்திரத்தில் விற்பவர்களில் ஒருத்தியாக அவளும் சேர்ந்தாள்.

பையனின் 10 சென்ட்

பதினாலு வயசுப் பையனின் பங்குதான் நாளெடுத்தது. மைனரின் சொத்தைத் தகப்பனாரே ஆனாலும் கோர்ட் அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. 1956-ம் வருஷத்து இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் அப்படிச் சொல்கிறது. மீறி விற்றால், பையன் பதினெட்டு வயசு முடிந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட்டு அந்தக் கிரயத்தை ரத்துச் செய்யச் சொல்லலாம். யோசித்துப் பாருங்கள்! கிணறு வெட்டி, தென்னை வைத்து, அது காய்க்கிற சமயத்தில் நோட்டீஸ் வந்தால் எப்படி இருக்கும்?

அனுமதி கேட்டு மனுப் போட்டோம். பையனுக்கு நன்மைதானா என்று கோர்ட் பார்த்தது. எட்டு மாசம் ஆயிற்று. அவன் பங்குப் பணம் மேஜராகும் வரை பாங்கில் டெபாசிட்டாகக் கிடக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. எட்டு மாசம் பொறுத்ததில் தம்பதிக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. இன்றைக்கு அந்த நிலத்தில் அவர்கள் கறவை மாடு வைத்திருக்கிறார்கள். தாயில்லாப் பையனின் பணமும் பத்திரமாக இருக்கிறது.

எந்தக் காகிதம் என்ன சொல்லும்?

குடும்பக் கணக்கு தீர்ந்த பிறகுதான் காகிதங்களுக்கு வருவேன். ஒவ்வொன்றும் ஒரு கதையைத்தான் சொல்லும்.

மூலப்பத்திரம், விற்பவருக்குச் சொத்து எப்படி வந்தது என்று சொல்லும். அசலைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் மட்டும் இருக்கிறது என்றால், அசல் எங்கேயோ கடனுக்காக உட்கார்ந்திருக்கலாம்.

வில்லங்கச் சான்று, பதிவான கிரயம், அடமானம் முதலியவற்றைக் காட்டும். முப்பது வருஷத்துக்காவது போட்டுப் பார்ப்பது வழக்கம். பதிவுத் துறையின் இணையதளத்தில் இப்போது வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் பதிவாகாத உயில், வாய்ப் பாகப்பிரிவினை, கைமாற்றுக் கடன் எதுவும் அதில் வராது.

பட்டா, வருவாய்த் துறைக் கணக்கு. "பட்டா எம்பேர்ல இருக்குது, அப்புறம் என்ன?" என்பார்கள். பட்டா மட்டுமே உரிமை ஆகிவிடாது என்று கோர்ட்டுகள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டன. பட்டா, சிட்டாவைப் பத்திரத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். யார் பயிர் செய்கிறார்கள் என்று அறிய அடங்கல். நிலத்தின் வடிவத்துக்கும் அளவுக்கும் புல வரைபடம். பத்திரத்தில் ஏக்கர், சென்ட் என்றிருக்கும். பட்டாவிலோ ஹெக்டேர், ஏர் என்றிருக்கும். ஒரு ஹெக்டேர் 2 ஏக்கர் 47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அடுப்படி நோட்டிலேயே போட்டுப் பார்க்கக் கூடிய கணக்குதான் இது.

காகிதத்தில் இல்லாதவை

காகிதம் சரியாக இருந்தாலும் நிலத்தை நேரில் பார்க்காமல் நான் சம்மதம் சொல்வதில்லை. கிரயம் முடிக்கும் முன் நீங்களும் ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

மெயின் ரோட்டிலிருந்து நிலத்துக்கு வண்டி போகிற தடம் யாருடையது? 'காலங்காலமாக நடக்கிறோம்' என்பது பேச்சுக்குச் சரி. தடத்தின் அகலமும் உரிமையும் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். கிணறு பொதுக் கிணறா? எங்கள் பக்கம் ஒரு கிணற்றில் நாலு பேருக்குப் பங்கும், இன்ன நாள் இன்னார் இறைப்பது என்ற முறையும் உண்டு. நிலத்தை வாங்கிவிட்டுத் தண்ணீர் முறையை எழுத மறந்தால் வெறும் மண்தான் மிஞ்சும். பம்புசெட் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

நிலத்தில் குத்தகைக்காரர் இருக்கிறாரா? இருந்தால் 1955-ம் வருஷத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் துணை. நினைத்த மாத்திரத்தில் அவரை வெளியேற்ற முடியாது.

இந்தச் சேதிகள் எல்லாம் யாரிடம் கிடைக்கும் தெரியுமா? பக்கத்துத் தோட்டத்தில் களை எடுக்கிற பெண்களிடம்! அங்கே நீங்கள் போய்ப் பேச்சுக் கொடுத்தால், வக்கீலுக்கும் சர்வேயருக்கும் தெரியாதது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

தொடக் கூடாத நிலங்கள்

சில நிலங்களை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. 1892-ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்க ஆங்கில அரசு முடிவு செய்த பஞ்சமி நிலங்கள் அதில் முதலாவது. அவர்களைத் தவிர மற்றவர்கள் வாங்கினால் செல்லாது. ஏழைகளுக்குக் கிடைத்த நிலம் அவர்களிடமே இருக்கட்டும் என்பது அதன் நோக்கம். அதுபோல அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலம், பூதான நிலம், புறம்போக்கு எல்லாவற்றிலும் எச்சரிக்கை வேண்டும். கோயில் நிலத்தை, 1959-ம் வருஷத்து அறநிலையச் சட்டப்படி ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்றால் செல்லவே செல்லாது. விளைநிலத்தைக் கூறு போட்டு, கல் நட்டு, கொடி கட்டி விற்கிறார்களே, அங்கீகாரம் இல்லாத அந்த மனைகளைப் புதிதாகப் பதிவு செய்ய 2016 முதல் சட்டத் தடை இருக்கிறது.

'பவர்' வைத்து விற்பவரிடமும் கவனம் தேவை. பவர் பத்திரத்தால் மட்டும் சொத்து கை மாறாது என்று சுப்ரீம் கோர்ட் 2011-ல் தீர்ப்புச் சொன்னது. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.

உங்கள் பெயரிலேயே எழுதலாமே!

நகை உங்களுடையது, சீட்டுப் பணம் உங்களுடையது. பத்திரத்தில் மட்டும் ஏன் உங்கள் பெயர் இல்லை? வெட்கப்படாமல் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீடு, மனை, விவசாய நிலத்தைப் பெண் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. வீட்டுக்காரரிடம் பேச்சை ஆரம்பிக்க இதுவே நல்ல சாக்கு!

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை:

• இது கிரயமா, விடுதலையா, தான செட்டில்மென்டா, அடமானமா, பவரா? பத்திரத்தின் பெயர் என்ன?

• விற்கிற குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்களா? மைனர் யாராவது உண்டா?

• அசல் மூலப்பத்திரம் எங்கே?

• அட்வான்ஸ் பாங்க் வழியாகப் போகிறதா? கிரய ஒப்பந்தம் பதிவாகிறதா?

• தடம், கிணறு, தண்ணீர் முறை, நான்கு எல்லைகள் பத்திரத்தில் இருக்கின்றனவா?

• வக்கீலிடமோ பத்திர எழுத்தரிடமோ கொடுத்த அசலுக்கு ரசீது வாங்கினோமா?

• பதிவு முடிந்ததும் பட்டா மாறுதலுக்கு யார் அலையப் போகிறார்கள்?

கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாளே பத்திரத்தின் நகலை வீட்டுக்கு வாங்கி வந்து, சமையல் முடிந்த பிறகு சாவகாசமாக ஒரு தடவை படியுங்கள். பெண் பிள்ளை பெரியவளாக இருந்தால் அவளையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். புரியாத வார்த்தைக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, மறுநாள் வக்கீலிடம் காட்டி அர்த்தம் கேளுங்கள். சொல்ல மறுக்கிற வக்கீலானால் வேறு வக்கீலைப் பாருங்கள்.